உங்கள் பெயரை நீங்களே அடித்த மாலை

நேற்று பெரிய கடைவீதிக்குப் போயிருந்தேன். காதர் பாயின் அத்தர் கடையை இப்போது அவருடைய பேரன் பார்த்துக்கொள்கிறான். "எங்க நன்னா எப்பவும் இதுதான் போடுவாங்களாம்" என்று தாத்தாவைப் பற்றிச் சொல்லி, என் மணிக்கட்டில் ஒரு சொட்டு மரிக்கொழுந்து அத்தரைத் தடவினான். அந்த நிமிடமே நீங்கள் நினைவில் வந்துவிட்டீர்கள். காதர் பாய் நம் கால்பந்து டீமில் கோலியாக, கோல் காப்பவராக இருந்த நாளில் அவர் தொட்ட பந்தெல்லாம் மணக்கும். ஒருநாள் பயிற்சியில், பந்து அவர் விரல் பட்டு வெளியே போனதா, தானாகப் போனதா என்று பெரிய சண்டை. நீங்கள் பந்தை எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தீர்கள். "பாய் தொட்டிருக்காரு. கார்னர்தான்" என்றீர்கள். சண்டை அதோடு முடிந்தது. காதர் பாயே ஒப்புக்கொண்டார்.

கடைத்தெருவில் நின்று தனியாகச் சிரித்தேன். என்ன வாங்க வந்தேன் என்பது மறந்துபோயிற்று. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீங்கள் வந்த வருடம் நமக்குள் நடந்ததை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ஐம்பதுகளின் கடைசி அது. நான் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடமாக நம் பாலக்கரை கிளப்புக்குக் கேப்டன். சென்டர் பார்வர்டு, அதாவது முன்வரிசையின் நடு ஆள். பந்து என் காலுக்கு வந்தால் வேறு யாருக்கும் போகாது. அதைப் பெருமையாகவே நினைத்திருந்தேன். டவுன் லீக்கில் இருந்த எட்டு டீம்களில் நாம் ஏழாவதாக வந்திருந்தோம். அதற்கும் எனக்கும் சம்பந்தம் இருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

கிளப் செக்ரட்டரி சூசை உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தபோது உங்களுக்கு முப்பத்தைந்து வயது. கோலார் தங்க வயலில் ஆடியவர், ரயில்வே பட்டறையில் வேலை கிடைத்துப் பொன்மலைக்கு வந்திருக்கிறார் என்றார்கள். "இனிமே இவருதான் கோச். கூடவே ஆடவும் ஆடுவாரு" என்றார் சூசை. முன்நெற்றி ஏறிய, கொஞ்சம் கூன் போட்டு நடக்கிற ஒரு மனிதர். இவரா என்று நினைத்தேன். அந்தப் பதவி எனக்கு வரும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

பங்குனியில் காவிரி வறண்டு கிடந்தது. காலை ஐந்தரை மணிக்கெல்லாம் மணலில் ஓடவிட்டீர்கள். பிறகு ஒரு விதி போட்டீர்கள்: பந்தை இரண்டு தடவைக்கு மேல் யாரும் தொடக்கூடாது. நான் வழக்கம்போல் பந்தை வைத்துக்கொண்டு ஓடினேன். நீங்கள் விசில் ஊதவில்லை, திட்டவில்லை. மற்ற எல்லாரையும் மணலில் உட்காரச் சொன்னீர்கள். நீங்களும் சப்பணமிட்டு உட்கார்ந்தீர்கள். "ஆரோக்கியம் சார் ஆடி முடிக்கட்டும்" என்றீர்கள். அவ்வளவு பெரிய மணல்வெளியில் நான் ஒருவன் பந்தோடு நின்றேன். அன்று உங்களை வெறுத்தேன். மறைக்க ஒன்றுமில்லை, நன்றாகவே வெறுத்தேன்.

அடுத்த வாரம் அதைவிடப் பெரிய அடி. "ஆரோக்கியம் சார், நீங்க பின்னால ஆடுங்க. ரைட் பேக்" என்றீர்கள்.

"நானா? கோல் போடுறவன் நான்."

"முன்னால நின்னா கோல் மட்டும்தான் தெரியும். பின்னால நின்னா நம்ம பத்துப் பேரும் தெரிவாங்க. உங்களுக்குத் தலை இருக்கு. அதை வீணாக்குறீங்க."

தலை இருக்கிறது என்று சொன்னது பிடித்தது. சொன்ன ஆளைப் பிடிக்கவில்லை.

முதல் ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றோம். "மணல்ல கோலம் போடத்தான் கத்துக்கிட்டீங்களா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். பழையபடியே ஆடலாம் என்று சூசை சொன்னார். "இன்னும் மூணு ஆட்டம் குடுங்க. அதுக்கப்புறம் நீங்க சொல்றபடி" என்று மட்டும் சொன்னீர்கள். உள்ளுக்குள் எனக்கு சந்தோஷம்தான்.

இரண்டாவது ஆட்டத்தில்தான் நான் உங்களை உண்மையாகப் பார்த்தேன். பின்னால் நின்றதால் பார்க்க முடிந்தது. நீங்கள் சென்டர் ஹாஃப், மைதானத்தின் நடுவில் எனக்கு முன்னால். நீங்கள் ஓடவே இல்லை. எல்லாரும் பந்தைத் துரத்தி ஓட, பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே முன்கூட்டியே நின்றுகொண்டிருந்தீர்கள். பந்து வந்ததும் ஒரே தட்டு. நாற்பது கெஜம் தள்ளி, இடதுபக்க ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த ரங்கராஜன் காலடியில் அது போய் நின்றது. ஸ்ரீரங்கத்து உத்தர வீதிப் பையன் அவன். பந்து ஆடுவது வீட்டுக்குத் தெரியாது. ஆட்டம் முடிந்ததும் என்னிடம் ஓடி வந்தான். "அண்ணா, அவர் பந்தை உதைக்கலை. உள்ளங்கையில பிரசாதம் வைக்கறாப்பல கொண்டுவந்து வைக்கறார்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் அவனிடம், "அதெல்லாம் பழக்கம்தான்டா" என்றேன்.

அந்த ஆட்டத்தை ஜெயித்தோம், அடுத்ததையும். அதற்கடுத்தது மழையில் டிரா. ஆடியில் காவிரியில் தண்ணீர் வந்து மணல் மூழ்கிய பிறகு பயிற்சி மைதானத்துக்கு மாறியது. அதற்குள் நம் ஆட்டத்தைப் பார்க்க ஜனம் வர ஆரம்பித்திருந்தது. நானும் மாறியிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் நாளாயிற்று. பந்து காலுக்கு வந்ததும் கொடுத்துவிடுவேன். கொடுத்த பிறகு அது எங்கெங்கே போகிறது என்று பார்ப்பதில் ஒரு ருசி இருந்தது. முப்பது வயதுவரை எனக்குத் தெரியாத ருசி.

நாலாவது ஆட்டம் முடிந்த மாலை, காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடையில் நாம் இருவரும் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று சொன்னீர்கள்.

"எனக்கு இடது முட்டி சரியில்லை. கோலார்லயே போச்சு. என்னிக்கு நான் டீமுக்குப் பாரமா ஆயிடுறேனோ, அன்னிக்கு நீங்க எங்கிட்ட சொல்லணும்."

"நான் எதுக்கு? உங்களுக்கே தெரியுமே."

"எந்த ஆட்டக்காரனுக்கும் தெரியாது. தெரிஞ்சாலும் ஒத்துக்க மாட்டான். நீங்கதான் பின்னாலேர்ந்து என்னைப் பாத்துக்கிட்டே இருக்கீங்க." டீயை ஒரு மடக்கு குடித்தீர்கள். "அதுவுமில்லாம, உங்களுக்கு என்னைப் பிடிக்காது. பிடிச்சவன் மரியாதைக்காகப் பொய் சொல்லுவான்."

எனக்கு முகம் எரிந்தது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டே இன்னொரு டீ சொன்னீர்கள்.

ஐந்தாவது ஆட்டத்தில் உங்கள் முட்டியில் ஒரு உதை விழுந்தது. எழுந்து நின்று முழு ஆட்டமும் ஆடினீர்கள், ஜெயித்தோம். ஆறாவதையும் ஜெயித்தோம். நாமும் கன்டோன்மென்ட் டீமும் சமமான புள்ளியில் நின்றோம். கடைசி ஆட்டம் அவர்களோடுதான். ஜெயிப்பவர்களுக்கு ஷீல்டு. பாலக்கரையில் டீக்கடைக்கு டீக்கடை உங்கள் பேச்சுத்தான்.

எனக்கு மட்டும் ஒன்று தெரிந்திருந்தது. அந்த உதைக்குப் பிறகு நீங்கள் இடதுபக்கம் திரும்பவில்லை. பந்து இடதுபக்கம் வந்தால் ஒரு வட்டம் போட்டு வலதுபக்கமாகவே சுற்றி வந்தீர்கள். அந்த அரைநொடியை உங்கள் அறிவால் மறைத்தீர்கள். பார்ப்பவர்களுக்குத் தெரியவில்லை. பின்னால் நின்றவனுக்குத் தெரிந்தது. அம்மா மண்டபப் படித்துறையில் எல்லாரும் குளிக்கப் போன அன்று, நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்கியதையும் பார்த்தேன்.

சொல்ல வேண்டும். ஆனால் சொன்னால் உங்கள் இடம் காலியாகும். அந்த இடத்தில் ஆடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இது ஊருக்கே தெரியும். நான் சொல்வது டீமுக்காகவா, எனக்காகவா? இரண்டு வாரம் இதையே நினைத்துக்கொண்டு எழுத்துக் கோர்த்தேன். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரையே விட்டுவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை. சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு பொன்மலைக்கு, உங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். நீங்கள் முற்றத்தில் நாற்காலி போட்டு, மடியில் ஒரு காகிதத்தை வைத்து நாளைய பதினொரு பெயர்களை எழுதிக்கொண்டிருந்தீர்கள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பயம்.

"நாளைக்கு நீங்க ஆட வேணாம்" என்றேன்.

பென்சில் நின்றது. உள்ளே உங்கள் வீட்டுக்காரம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தமும் நின்றது.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டீர்கள்.

"இடது பக்கம் திரும்ப முடியலை உங்களால."

"எத்தனை ஆட்டமா?"

"போன ரெண்டு ஆட்டமா."

நிமிர்ந்து பார்த்தீர்கள். உங்களுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "ரெண்டு ஆட்டமா? அப்ப ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தீங்க? தோத்திருந்தா?"

"பொறாமையில சொல்றேன்னு நினைச்சிருவீங்களோன்னு..."

காகிதத்தைப் பார்த்தீர்கள். மேலிருந்து ஐந்தாவது பெயர் உங்களுடையது. அதன் மேல் பென்சிலை வைத்து ஒரே கோடு, நேராக, அழுத்தமாக இழுத்தீர்கள். பக்கத்தில் என் பெயரை எழுதி, என் ரைட் பேக் இடத்துக்கு ஒரு மாற்று ஆளைப் போட்டீர்கள்.

அதற்குள் உங்கள் வீட்டுக்காரம்மா காபியோடு வெளியே வந்தார். "ஒரு மாசமா நான் சொல்றேன், காதுலயே விழலை. அண்ணன் ஒரு வார்த்தை சொன்னதும் விழுந்திருச்சு பாருங்க" என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீங்கள் சிரித்தீர்கள். காபியை எனக்கு நகர்த்திவிட்டு, கன்டோன்மென்ட் டீமின் வலதுபக்க ஆட்டக்காரன் எப்படி ஓடுவான் என்று விளக்க ஆரம்பித்துவிட்டீர்கள்!

ஒரு மனிதன் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய ஆட்டத்தை ஒரு கோட்டில் விட்டுக்கொடுத்துவிட்டு, அடுத்த மூச்சில் வேலையைத் தொடர முடியுமா? என் கண்ணால் பார்த்தேன். திரும்பி வரும்போது சைக்கிளில் ஏறத் தோன்றாமல் ரொம்ப தூரம் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

மறுநாள் மைதானத்தில் செய்தி தெரிந்ததும் சூசை என் சட்டையைப் பிடிக்காத குறை. "உன் வேலைதானேய்யா இது? ஆறு மாசமா மனசுல வெச்சிருந்தியா?" என்றார். காதர் பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் மெதுவாக நடந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றீர்கள். "லிஸ்ட் எழுதுனது என் கை. கேக்கறதை எங்கிட்ட கேளுங்க" என்றீர்கள். பிறகு ஓரத்தில் புல்லில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தீர்கள்.

முதல் கோல் என் தவறால் விழுந்தது. உங்கள் இடத்தில் நின்று, என் பழைய புத்தியில் பந்தை வைத்துக்கொண்டேன், பறித்துவிட்டார்கள். கூட்டம் உங்கள் பெயரைச் சொல்லிக் கத்தியது. இடைவேளையில் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். நீங்கள் ஆரஞ்சு உரித்து ஆளுக்கு இரண்டு சுளை கொடுத்தீர்கள். என் முறை வந்தபோது, "பந்து வர்றதுக்கு முன்னாடியே ரங்கா எங்க இருக்கான்னு பாத்துருங்க. அவ்வளவுதான்" என்றீர்கள். அந்தக் குரலில் துளி வருத்தமும் இல்லை.

இரண்டாம் பாதியில் ஒரு கார்னரில் சமன் செய்தோம். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது காதர் பாய் எறிந்த பந்து என்னை நோக்கி வந்தது. வருவதற்கு முன்பே நிமிர்ந்து பார்த்தேன். இடதுபக்க ஓரத்தில் ரங்கராஜன் ஓட ஆரம்பித்திருந்தான். தட்டினேன். உங்களுடையது போல அது பிரசாதமாகப் போகவில்லை, இரண்டு குதி குதித்துத்தான் போனது. ஆனால் போய்ச் சேர்ந்தது. அவன் உள்ளே வெட்டி ஓடி அடித்தான். இரண்டுக்கு ஒன்று.

விசில் ஊதியதும் எல்லாரும் உங்களை நோக்கி ஓடினார்கள். நீங்கள் எழுந்திருக்க முயன்றீர்கள், முடியவில்லை. காதர் பாய் குனிந்து உங்களைக் குழந்தை போலத் தூக்கினார். அப்போதுதான் டீம் முழுவதும் அந்த முட்டியைப் பார்த்தது. தேங்காய் அளவு வீங்கியிருந்தது. சூசை என் தோளில் கை வைத்தார்.

அதற்குப் பிறகு நீங்கள் ஆடவில்லை. மூன்று வருடம் கோச்சாக இருந்தீர்கள். நாம் சிநேகிதர்களானோம். ஞாயிறு பூசை முடிந்து நான் பொன்மலைக்கு வருவதும், உங்கள் வீட்டில் சாப்பிடுவதும் முப்பது வருடம் நடந்தது. ஆனால் அந்தக் கேள்வி எனக்குள்ளேயே கிடந்தது. நீங்கள் படுக்கையில் விழுந்த கடைசி மாதத்தில்தான் கேட்டேன்.

"அன்னிக்கு நான் சொன்னது டீமுக்காகவா, பொறாமையிலயான்னு இன்னமும் எனக்கே தெரியலை. நீங்க எப்படி நம்புனீங்க?"

நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தீர்கள். "பொறாமையாவே இருக்கட்டும்யா. முட்டி முட்டிதானே?"

இதைவிடப் பெரிய வார்த்தையை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

போன மாதம் பாலக்கரைத் திருப்பத்தில் ஸ்கூட்டரில் கொஞ்சம் தடுமாறினேன். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. என் மகன் இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்து, "அப்பா, இனிமே நீங்க வண்டி ஓட்ட வேணாம்ப்பா" என்றான். அவனுக்கு வண்டி வேண்டுமோ, என் மேல் அக்கறையோ, மருமகள் சொல்லிக் கொடுத்தாளோ என்று மனம் கிளம்பப் பார்த்தது. நிறுத்தினேன். அவன் ஏன் சொன்னான் என்பதை விட்டுவிட்டு, சொன்னது உண்மையா என்று மட்டும் பார்த்தேன்.

உண்மைதான். சாவியை எடுத்து அவன் கையில் வைத்தேன்.