மாதம் எழுதாத கட்டம்

சிங்காநல்லூர்,
12.8.1997

அன்புள்ள கெசியாவுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே சுகம். மாமாவின் மூட்டுவலி குறைந்ததா?

மில்லில் ஒரு சின்ன விஷயம். பயப்படாதே. பழைய பைல்களை டேட்டாபேஸ் திரையிலிருந்தே அழிக்க வழி செய்திருந்தேன். மாதத்தைத் தட்டினால், டேட்டாபேஸ் அதை அப்படியே கம்ப்யூட்டருக்குக் கட்டளையாக அனுப்பிவிடும். இந்த ஆபீசில் எந்தத் தாளிலும் மாதம், தேதியை மேனேஜர்தான் எழுதுவார். கிளார்க் பாவாத்தாள் அந்த மரியாதைக்காகக் கட்டத்தைக் காலியாக விட்டுப் பட்டனை அழுத்தினார். எந்த மாதம் என்று இல்லாததால் எல்லா மாதப் பைல்களும் அழிந்தன.

"ஏனுங்க தம்பி, எந்த மாசமுங்கன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுங்களா அந்த மிசினு?" என்றார் மேனேஜர்.

நான்தான் கேட்கச் சொல்லித்தரவில்லை என்றேன். பாவாத்தாளை யாரும் திட்டவில்லை. இப்போது டேட்டாபேஸ் நான் எழுதிவைத்த மூன்றே கட்டளைகளைத்தான் அனுப்பும். காலிக் கட்டத்தை ஏற்காது.

இதனால் என் வேலை நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கணபதியில் நாம் குடியேறப் பார்த்த வீட்டை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். நீ சாமான் கட்ட வேண்டாம்.

ஒரு போர்வையும் உன் தலையணை உறையும் அனுப்பு. உறையைத் துவைக்காதே. இங்கே சிறுவாணித் தண்ணீர் தாராளமாக வருகிறது, நானே துவைத்துக்கொள்வேன்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

வின்ஸ்டன்