பெட்டிக்கு நேரம் தெரியாது, மச்சாள்

என் அன்புக்குரிய ஜெனிற்றா மச்சாளுக்கு,

உன்னை ஏசுவதற்காகத்தான் இந்தக் கடிதம். நீ இருந்திருந்தால் முதலில் உன் காதைத் திருகியிருப்பேன். பிறகு இரண்டு பேரும் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து அந்த வரியைத் திருத்தியிருப்போம். பேசாலைக்கு வந்து உன் கல்லறையில் வைத்து ஏசலாம் என்று பார்த்தால், அங்கே எப்போதும் யாராவது ஒரு தாய் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நிற்கிறார். அவ்வளவு பேருக்கு உன்னைப் பிடிக்கும். அதுவே இப்போது எனக்குப் பெரிய தலையிடி.

நம் பெட்டி சுகமாக இருக்கிறது. சவர்க்காரக் கட்டி அளவுக் கொம்பியூட்டர், அதைச் சுற்றி நீ ஒட்டிய பச்சை ஒட்டுநாடா, டிரக்டர் பற்றரியில் கொளுவும் வயர், எல்லாம் அப்படியே. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நான் தமிழ்நாட்டு முகாமிலிருந்து ஒரு கொம்பியூட்டர்ப் படிப்போடு திரும்பி வந்தபோது, வீட்டில் நீ மட்டும்தான் இருந்தாய். என் அண்ணன், உன் புருஷன், கடைசிச் சண்டையில் காணாமல் போயிருந்தான். அவனைத் தேடிப் போன இடமெல்லாம் நம்மைப் போலவே தேடுகிற தாய்மாரைக் கண்டோம். "எங்கட பிள்ளையளின்ர விபரத்தை ஆரோ ஒருத்தற்ற கொம்பியூட்டரில போட ஏலாது" என்று அவர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். சரி, நம்முடையதையே செய்வோம் என்று இறங்கினோம். ஊர் ஊராகப் பையில் கொண்டு போகலாம், இன்ரநெற் தேவையில்லை. பற்றரியில் கொளுவிப் பெட்டியை மூட்டினால் பக்கத்தில் உள்ள போன்கள் அதோடு இணையும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம், அதற்கொரு கடவுச்சொல். பிள்ளையைப் பற்றித் தெரிந்ததை அவர்கள் அதில் எழுதலாம். யாராவது ஒரு சேதி கொண்டு வந்தால், கன்னியர்மடத்துச் சிஸ்டர் அதைக் கேட்டு, உரிய பக்கத்தில் பதிந்து வைப்பார்.

வெப் சேர்வர் ஒரு மறதிக்காரன். போன் கேட்ட பக்கத்தைக் கொடுக்கும், கொடுத்த கையோடு கேட்டவரை மறந்துவிடும். அதனால் ஒவ்வொரு போனுக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் துண்டு தருகிற மாதிரி. அடுத்த தடவை போன் அந்த எண்ணைக் காட்டினால், ஆள் யாரென்று சேர்வருக்கு விளங்கும், கடவுச்சொல் கேட்காது. அதுதான் செஷன். சேர்வரை நான் எழுதினேன், செஷனை நீ எழுதினாய்.

இரண்டு விஷயத்தில் நீ அசையவே இல்லை. பக்கத்தில் பெயர் வரக் கூடாது, யாராவது தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள் என்று தாய்மார் பயந்தார்கள். எந்தப் பக்கம் யாருடையது என்பது சிஸ்டருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றாய். உன் பக்கம் எது என்றுகூட எனக்குத் தெரியாது. மற்றது, கரண்ட் போனாலும் செஷன் அழியக் கூடாது, மெமரி கார்டில் இருக்க வேண்டும் என்றாய். "அழுது அழுது எழுதினதைத் திரும்பவும் எழுதச் சொல்லி நான் கேக்க மாட்டன், மெற்றில்டா. நீ வேணுமெண்டால் கேள்" என்றாய். நான் எப்படிக் கேட்பேன்?

போன மாதம் பெட்டியை வெள்ளாங்குளத்துக்குக் கொண்டு போனேன். மகனைத் தேடுகிற கனகம்மா மருமகளின் புதுப் போனோடு வந்தார். கடவுச்சொல் கேட்காமலே பக்கம் திறந்துவிட்டது. மருமகள் வாசித்தாள்: முகாம் ஒன்றில் உயிரோடு கண்டதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். கனகம்மா என்னைக் கட்டிப்பிடித்த பிடியில் என் கண்ணாடி வளைந்துபோனது. நானும் அழுதேன். நம் பெட்டி தொடங்கி அதுவரைக்கும் ஒருவருக்கும் அப்படி ஒரு சேதி வந்ததில்லையே.

அடுத்த நாள் போன் எடுத்தார். "பிள்ளை, அவன்ர அறையைக் கழுவி வச்சிருக்கிறன். ஒண்டு கேக்கட்டே? அதில டிரக்டர் ஓடுறவர் எண்டு போட்டுக் கிடக்காம். என்ர பெடியனுக்குச் சைக்கிளே ஒழுங்கா ஓடத் தெரியாது. அங்க பழக்கிப் போட்டாங்கள் போல, என்ன?"

"ஓம் அம்மா, பழக்கியிருப்பாங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். கடவுச்சொல் ஏன் கேட்கவில்லை? அது வேறொருவரின் பக்கமோ?

உடனே என்ன நினைத்தேன் என்று உனக்குத் தெரியும். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணி பாய்கிற வயலெல்லாம் டிரக்டரோடு திரிந்தது யார்? அண்ணா. அப்படியானால் அது உன் பக்கமோ? சிஸ்டரைக் கேட்கலாமென்றால் அவர் கண்டியில் தியானத்தில், போன் வேலை செய்யவில்லை. அவர் திரும்பும் வரைக்கும் நான் இருந்த இருப்பை எப்படிச் சொல்வேன்? அண்ணாவின் சேட்டுகளை அலுமாரியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டேன். அங்கே கனகம்மா அறையைக் கழுவினார், இங்கே நான் சேட்டுக் காயப்போட்டேன். ஒரு சேதிக்கு இரண்டு வீடு.

சும்மா இருக்க முடியாமல் பெட்டியைக் கிண்டத் தொடங்கினேன். வீட்டில் இரண்டு போனை வைத்துக்கொண்டு மாறி மாறித் திறந்தேன். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு எண்தான் வந்தது. கடவுச்சொல்லைப் பிழையாக அடித்துப் பார்த்தேன், அடிக்காமலும் பார்த்தேன். பிடிவாதமாக எல்லாம் சரியாகவே நடந்தது. சனியன், எனக்கு முன்னால் மட்டும் நல்ல பிள்ளையாக நடிக்கிறதே என்று பெட்டியின் தலையில் ஒரு குட்டுப் போட்டேன்.

பிறகுதான் சேர்வர் தன் பாட்டில் எழுதி வைக்கிற பதிவுகளைப் பார்த்தேன். வெள்ளாங்குளத்துக்குப் போன திகதியும், அதற்கு முதல் நானாட்டானுக்குப் போன திகதியும் ஒன்றாம்! மணி ஒன்று, நிமிஷமும் ஒன்று. ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் நிற்க நான் என்ன அந்தோனியாரா?

அப்போதுதான் பிடிபட்டது. அந்தச் சின்னப் பெட்டிக்குச் சொந்தமாக மணிக்கூடு கிடையாது. வீட்டில் இன்ரநெற்றிடம் நேரம் கேட்டுக்கொள்ளும். வெளியே கொண்டு போனால், கடைசியாக ஒழுங்காக நிறுத்திய நேரத்திலிருந்துதான் தொடங்கும். நாம் எப்போது ஒழுங்காக நிறுத்தினோம்? கடைசி பஸ் வருகிறது என்றதும் வயரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஓடுவோம். இடம்பெயர்ந்த காலத்தில் பழகின பழக்கம், எல்லாவற்றையும் அப்படியே பிடுங்கிக்கொண்டு ஓடுவது. நீயோ செஷன் எண்களை உண்டாக்க, பெட்டி கண் விழிக்கிற நேரத்தைத்தான் எடுத்திருக்கிறாய். ஒரே நேரத்தில் விழித்தால் அதே எண்கள் அதே வரிசையில் வரும். நானாட்டானில் ஒரு தாய்க்குக் கொடுத்த துண்டை வெள்ளாங்குளத்தில் கனகம்மாவுக்கும் கொடுத்துவிட்டது. நீ அழிய விடாமல் வைத்திருந்த செஷன், அந்தத் தாயின் பக்கத்தை அப்படியே திறந்து காட்டியது. பெயர் இல்லாததால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. தாய்மாருக்கு நல்லது என்று நீ செய்த ஒவ்வொன்றும் சேர்ந்து கனகம்மாவின் தலையில் வந்து விழுந்ததே, இதற்கு நான் யாரோடு சண்டை பிடிக்க?

திருத்துவது கஷ்டமாக இருக்கவில்லை. இப்போது எண் நேரத்திலிருந்து வருவதில்லை. கொடுக்க முன் அந்த எண் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்றும் பார்க்கிறது. பெட்டிக்குச் சின்ன மணிக்கூடு ஒன்றும் வாங்கிப் பூட்டிவிட்டேன்.

சிஸ்டர் வந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன். என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது. "உங்கட அண்ணா இல்லை மகள். அது நானாட்டான் றோசம்மான்ர மகன். பெட்டி அங்க போய் வந்த பிறகுதான் அந்தச் சேதியைப் பதிஞ்சனான்" என்றார். நான் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவர் தண்ணி தந்தார். பிறகு, "பிழையைத் திருத்திப் போட்டீங்கள்தானே. கனகம்மாவுக்கு இப்பவே சொல்லத்தான் வேணுமோ? பாவம், கொஞ்ச நாளைக்கு மனுசி நிம்மதியா இருக்கட்டுமே" என்றார்.

எனக்கும் அப்படித்தான் மனம் இழுத்தது. பொய் சொல்ல மாட்டேன். சொல்லப் போனால் உன் பெயரையும் சொல்ல வேண்டும். உனக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவர்களிடம் போய், ஜெனிற்றா எழுதிய வரிதான் பிழை என்று என் வாயால் சொல்ல வேண்டும். ஆனால் சேட்டுகளை மடித்துத் திரும்ப அலுமாரியில் வைத்தபோது, கனகம்மா அந்த அறைக்கு வெள்ளையடித்துவிடுவாரே என்று நினைத்தேன். அதற்கு மேல் தாங்கவில்லை. பெட்டியையும் பையில் போட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வெள்ளாங்குளம் போனேன்.

படலையடியிலேயே நின்று சொல்லி முடித்தேன். உன்னைப் பற்றியும் சொன்னேன், ஒன்றையும் ஒளிக்கவில்லை. கனகம்மா படலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகு, "உந்தப் பெட்டியோட இனி என்ர வீட்டு முத்தத்துக்கு வராதை" என்றார். அவ்வளவுதான், படலையைச் சாத்திவிட்டார். உள்ளே அவர் அழுத சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

நான் ஸ்கூட்டியைத் திருப்பினேன். பின்னால் படலை திறந்தது.

"அந்தத் தாய்க்குச் சொல்லிப்போட்டியோ?"

"இல்லை அம்மா. முதல்ல உங்களிட்டத்தான் வந்தனான்."

"விசரி! பிள்ளை உயிரோட இருக்கிற சேதியை வச்சுக்கொண்டு இஞ்ச நிண்டு என்னடி செய்யிறாய்? ஓடு! ஓடிப் போய்ச் சொல்லு!"

ஓடினேன் மச்சாள். நானாட்டான் வரைக்கும் எங்கும் நிற்கவில்லை. றோசம்மா முற்றத்தில் நெல்லுக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பெட்டியை மூட்டி, அவரிடம் கடவுச்சொல்லைக் கேட்டு, என் போனில் அவருடைய பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். மெல்ல எழுத்துக்கூட்டி வாசித்தார். சந்தோஷப்படுவார், கத்துவார், என்னைக் கட்டிப்பிடிப்பார் என்று நான் ஆயத்தமாக நின்றேன். அவர் போனை என் கையிலேயே திருப்பித் தந்தார்.

"வெள்ளாங்குளத்தில ஒரு மனுசிக்கும் இப்பிடித்தானே வந்து, பிறகு பொய்யாப் போச்சாம்?"

கதை போனிலேயே எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. "அது பெட்டியின்ர பிழை அம்மா. இது உங்கட பிள்ளைதான், சிஸ்டரே சொன்னவ" என்றேன். சிஸ்டரைப் போனில் எடுத்தும் கொடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு நெல்லைக் கிண்டிக்கொண்டே சொன்னார்: "எனக்கு உந்தப் பெட்டி சொல்லுறது வேண்டாம் பிள்ளை. அவனைக் கண்ட மனுசனை இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ. என்ர பிள்ளையைக் கண்ட கண்ணை நான் பாக்க வேணும்."

உலகத்திலேயே அவருக்கு வேண்டியிருந்த ஒரே சேதி, உண்மைச் சேதி, அவர் கைக்கு வந்தது. அதை நம்ப முடியாமல் ஆக்கிவிட்டோம். இதை யாரிடம் சொல்லி அழ? உன்னிடம்தான்.

றோசம்மாவின் மகனைக் கண்ட அந்த மனிதர் இந்தியாவிலிருந்து திரும்பி, இப்போது தலைமன்னாரில் யாரோ சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறாராம். அவரை எப்படியும் தேடிப் பிடிப்பேன். வரமாட்டேன் என்றால் காலில் விழுந்தாவது கூட்டிக்கொண்டு வருவேன். முதலில் றோசம்மாவுக்கு முன்னால் இருத்துவேன், அவர் கேட்கிற எல்லாவற்றையும் கேட்டு முடிக்கட்டும். பிறகு கனகம்மாவின் மகனைக் கண்டாரா என்று கேட்பேன். அதற்கும் பதில் வந்த பிறகுதான் அண்ணாவைப் பற்றி வாய் திறப்பேன். இந்த வரிசை மாறாது மச்சாள், சத்தியம்.

இப்படிக்கு,
உன் புருஷனின் தங்கச்சி,
உன்னை ஏசுவதற்கு இன்னும் உரிமை உள்ள மச்சாள்,
மெற்றில்டா