லாபம் என்று எண்ணியவள்

அடியே, இன்று காலை லேப் பீரோவிலிருந்து ஊசலில் கட்டும் பித்தளைக் குண்டுகளை எடுத்தபோது, அடிப்பக்கம் நசுங்கிய ஒன்று கையில் சிக்கியது. காலேஜில் முதல் வருஷம் நீ கீழே போட்ட அதே குண்டு. நீ போய் மூன்று மாதம் ஆகிறது. அழுகை வரும் என்று நினைத்தேன், பொறாமைதான் வந்தது.

ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்கிற சோதனை. விடை 980 வர வேண்டும் என்று நம் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அதனால் நாங்கள் விடையிலிருந்து பின்னால் போய், அளந்ததுபோல் எண்களை எழுதிக்கொண்டோம். நீ மட்டும் நூலைக் கட்டி, ஸ்டாப் வாட்ச்சை அழுத்தி, உண்மையாகவே எண்ணினாய். உனக்கு 1086 வந்தது. "பூமி ஒன்னய மட்டும் கூடுதலா இழுக்குதோ?" என்று முதலில் சிரித்தவள் நான்தான்.

மறுநாள் குரங்கணி பஸ்சிலிருந்து இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் அம்மா போடிச் சந்தையில் பயறு விற்பவர். படியால் அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று தொடங்கி, ரெண்டு, மூணு என்று போவார். கூடவே உட்கார்ந்து வளர்ந்த நீயும், குண்டை விட்ட கையோடு லாபம் என்று சொல்லியிருக்கிறாய்.

"அங்கன லாபம்னு சொல்றப்ப படி நெறஞ்சிருக்கும்டி. இங்க குண்டு ஒரு ஆட்டம்கூட ஆடலயே! நான் இருபது ஆட்டம்னு நெனச்சது பத்தொம்பதுதான்."

எனக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. எண்ணாமலே எழுதிய எனக்கு இதெல்லாம் எங்கே தோன்றப் போகிறது? நீ தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்துச் சாரிடம் ஓடினேன். "சார், குண்ட விடுறப்ப பூஜ்யம்னு ஆரம்பிக்கணும் சார். அவ ஒண்ணுல ஆரம்பிச்சுட்டா." சார் எல்லோரையும் நிறுத்தி என்னைப் பாராட்டினார். நீ வந்து கேட்டுவிட்டு, "வெரசா புடிச்சிட்டியேடி" என்று மட்டும் சொன்னாய். ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். நீ போடாததைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை.

பட்டம் வாங்கியதும் நீ ஏலத்தோட்டத்துக்கு வாக்கப்பட்டுப் போனாய். நான் மேலே படித்து, அதே லேப்பில் பாடம் நடத்த வந்தேன். பூஜ்யத்தில் தொடங்குங்கள் என்று நான் ஓயாமல் சொன்னதால் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் பூஜ்யம் மேடம். நீ ஏலக்காய்ப் பையோடு வரும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பாய். அப்போதும் நான் வாயைத் திறந்து உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

இன்று ஒரு பெண் 1086-க்குப் பக்கத்தில் ஒரு விடையோடு நின்றாள். மற்ற எல்லோருக்கும் 980. ஒரே சிரிப்பு. "சிரிக்காதீங்க, இவ ஒருத்திதான் நெசமா எண்ணியிருக்கா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். உன்னை, உன் அம்மாவின் படியை, நான் சாரிடம் ஓடியதை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"மேடம், அவுங்கள பாக்கணுமே. எங்க இருக்காங்க?" என்றாள் அந்தப் பெண்.

இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி யாரும் அப்படிக் கேட்டதில்லையடி. நீ இப்போது இல்லை என்று தலையை ஆட்டினேன்.

மறுபடியும் ஊசலை ஆட்டினார்கள். மேசைக்கு மேசை குரல்: "லாபம், ஒண்ணு, ரெண்டு..." என் பூஜ்யத்தை ஒருத்தியும் சீந்தவில்லை. செத்தும் விடமாட்டாயா நீ? நசுங்கிய குண்டை நூலில் கட்டினேன். கையை விட்டேன். லாபம் என்றேன்.