ஆறாயிரத்து நாற்பத்தெட்டுச் சுற்று

மார்ச் 3
மதிய உணவுக்குப்பின் மருமகள் என் இடக்கையில் புதுக் கடிகாரத்தைக் கட்டிவிட்டாள். அவள் வேலை செய்யும் பட்டறை முதன்முதலாகச் சொந்தமாகச் செய்தது. சாவிக் குமிழையும் அதிலிருந்து உள்ளே செல்லும் தண்டையும் வரைந்தவள் அவளே. பத்துப் பேர் நாற்பது நாள் கட்டிப் பார்ப்பார்களாம்; குறை வராவிட்டால் அவள் வரைந்தபடியே நூறு செய்வார்களாம்.

“கை அசைஞ்சாலே சாவி ஏறிக்கும் மாமா. நின்னு போனா மட்டும் குமிழை இருபது தடவை திருப்புங்க. நேரம் வைக்கணும்னா வெளிய இழுங்க. அவ்வளவுதான்.”

பெண் பெறவில்லையே என்று எனக்கிருந்த குறை இன்றோடு தீர்ந்தது.

மார்ச் 4
நேற்று மாலையும் இன்று காலையும் நூற்றெட்டு நாமம் சொல்கையில் வலக்கை விரல்கள் தாமாகவே குமிழை நாடின. நாமத்துக்கு ஒரு சுற்று. உள்ளிருந்து மெல்லிய ஒலி ஒன்று எழுந்து ‘அடுத்தது’ என்கிறது. மனம் அலையவில்லை. ஜபமாலை அறுந்துபோன பிறகு இத்தனை சீராக நான் சொன்னதில்லை.

மார்ச் 12
வழிபாட்டு மன்றத்தில் நான் கடிகாரத்தைப் பார்த்துக் குரலெடுத்தால்தான் ஆறு மணி, இருபதாண்டு வழக்கம். இன்று ஐவர் மணி கேட்டனர். ஐவருக்கும் மணியைச் சொல்லி, செய்தவள் யாரென்றும் சொன்னேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பொறுக்கமாட்டாமல், “மணி கேட்டா வம்சாவளியே சொல்றீரே ஐயா!” என்றார். சொல்லத்தக்க வம்சம், சொல்கிறேன்.

மார்ச் 20
வாரத்துக்கு ஒரு நிமிடம் முந்துகிறது. அது இயல்பென்று அவளே சொல்லியிருந்தாள். சரிசெய்யக் குமிழை இழுத்துத் திருகினேன், முள் அசையவில்லை. மீண்டும் திருகினேன்; அசைந்தது. குமிழை உள்ளே அழுத்தியதும் மூன்று நிமிடம் துள்ளி நின்றது. புதிதல்லவா, பழகிவிடும்.

மார்ச் 26
நேரம் வைக்க இன்று ஏழு முறை இழுத்தேன். அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 29
மன்றத்தில் ஏழு நிமிடம் பிந்தித் தொடங்கினேன். இருபதாண்டில் முதல் தடவை.

“என்ன, மருமக கடிகாரத்துக்கும் உம்மை மாதிரி வயசாயிடுச்சா?” என்றார் தலைமையாசிரியர். எல்லாரும் சிரித்தார்கள். என்னைச் சொன்னது உறைக்கவில்லை. அவளைச் சொன்னதுதான் சுருக்கென்றது.

“கடிகாரம் சரியாத்தான் இருக்கு. நான்தான் அசந்து தூங்கிட்டேன்” என்றேன்.

பொய். வாய்மையைப் பற்றி எத்தனை செய்யுளுக்கு அதே மன்றத்தில் உட்கார்ந்து உரை சொல்லியிருக்கிறேன்! அவள் பெயரைக் காக்கச் சொன்ன பொய்தான் — ஆனாலும் குறையை மறைத்தால் அது அவளைக் காப்பதாகுமா?

மார்ச் 31
காலை நாமம் முடியும் முன்பே குமிழ் பிடிப்பற்றுச் சுழன்றது. சிற்றுண்டி வேளையில் அவளே கண்டுபிடித்து, கழற்றிக்கொண்டு போனாள். “மத்த ஒம்பதும் நல்லா ஓடுதாம். அப்பா கைக்குத்தான் ராசி இல்ல” என்றான் மகன். அவள் சிரிக்கவில்லை.

மாலையில் திரும்பியவள் முகம் கறுத்திருந்தது. தண்டின் சதுர முனை தேய்ந்து உருண்டுவிட்டதாம். “இருபத்தெட்டு நாள்ல தேயுதுன்னா நான் வரைஞ்சதே தப்பு மாமா. வரைபடத்தைத் திரும்ப வாங்கிக்கிறேன்னு நாளைக்குப் பெரியவர்கிட்ட சொல்லிடப் போறேன்.” பெரியவர் என்பது பட்டறைத் தலைவரை.

மாலை நாமத்துக்கு அமர்ந்தேன். முதல் நாமத்திலேயே விரல்கள் வெறும் மணிக்கட்டைத் தடவின. தடவி, அங்கேயே நின்றன.

ஐயோ. நானா? நானேதானா? இருபது போதும்னு அவ தெளிவாச் சொன்னாளே!

ஏப்ரல் 1
அவள் செருப்பு மாட்டும்போது வாசலை மறித்து நின்றேன்.

“அம்மா, அந்தக் குமிழை நான் தினமும் திருப்பினேன்.”

“எத்தனை தடவை மாமா?”

“காலையில நூத்தெட்டு. சாயங்காலம் நூத்தெட்டு.”

ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றாள். “தினமுமா?”

“நாமம் சொல்றதுக்கு லீவு ஏதும்மா?”

படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “இதைப் பெரியவர்கிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டார்.”

சென்றேன். உருப்பெருக்கியைக் கண்ணில் செருகிய ஆறு கைவினைஞர் முன், எழுபத்து நான்கு வயதில், செய்ததை ஒளிக்காமல் சொன்னேன். பெரியவர் ஒரு துண்டுத்தாளில் பெருக்கினார்.

“ஆறாயிரத்து நாப்பத்தெட்டு. வாரம் ஒரு தடவை இருபது சுத்து கொடுக்கறவருக்கு இது ஆறு வருஷக் கணக்கு ஐயா.” பிறகு அவள் பக்கம் திரும்பினார். “ஆறு வருஷ வேலையை இருபத்தெட்டு நாள்ல வாங்கியிருக்கார். அதைத் தாங்கின தண்டை ஏம்மா திரும்ப வாங்கறே? முனையை மட்டும் இன்னும் கெட்டிப்படுத்து.”

அவள் தலை நிமிர்ந்ததைப் பார்த்தேன். நூல்கள் புகழென்று சொல்வது எதுவென்று, பொழிப்புரை இல்லாமலே விளங்கிற்று.

ஏப்ரல் 2
மன்றத்தில், தூங்கினேன் என்றது பொய் என்று எழுந்து நின்று சொன்னேன், காரணத்தையும் சொன்னேன். தலைமையாசிரியர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். “அப்போ இத்தனை நாளா சாமிக்கே சாவி கொடுத்துட்டிருந்தீரா?”

இம்முறை நானும் சிரித்தேன்.

ஜூன் 14
நூறு கடிகாரமும் முடிந்தன. முதலாவதை எனக்கே கட்டினாள். கூடவே பட்டறையின் சோதனைத் தாள் ஒன்றையும் காட்டினாள். நீர் புகாமை, அதிர்ச்சி, வெப்பம் என வரிசையாகச் சோதனைகள். ஐந்தாவது வரியில்:

‘மாமா சோதனை — குமிழ், 10,800 சுற்று.’

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. புதுசா சேர்ந்தவர் ஒருத்தர், அந்த மாமா பெரிய விஞ்ஞானியான்னு கேட்டார்.”

“நீ என்ன சொன்னே?”

“ஆமான்னு சொல்லிட்டேன்.”

புலமைக்காகப் பெற்ற பட்டங்கள் மூன்று கூடத்துச் சுவரில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. அந்தத் தாளுக்கு ஒரு படி கேட்டு வாங்கி அவற்றின் அருகே மாட்டச் சொல்லியிருக்கிறேன்.

இனி நாமம் சொல்கையில் கடிகாரம் எதிர்ச்சுவர் அலமாரியில் இருக்கும். கைக்கு எட்டாது, கண்ணுக்கு எட்டும்.