ஜாபர் மச்சானின் வண்டியும் என் நிஜ எடையும்

அன்பு ஜாபர் மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கபர்ஸ்தானில் உன் கபருக்கு முன்னால் நின்றபோதே இதைச் சொல்லிவிட நினைத்தேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். ஸ்பிரிங், ரிங் என்று அங்கே நின்று பேச முடியுமா? அதனால் எழுதுகிறேன். முதலில் நல்ல சேதி: உன் வண்டியை விற்கவில்லை. இனி விற்கவும் மாட்டோம், உன் தங்கச்சி சபீனாவே சொல்லிவிட்டாள்.

விற்கும் அளவுக்குப் போய்விட்டது மச்சான். கடைசியாக நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, "ஓட்டுடா, சும்மா நிறுத்தி வச்சிடாத" என்று சாவியை என் கையில் வைத்தாய். ஒன்றரை வருஷமாக ஓட்டினேன். ஆனால் பைக்கின் பின்னால் இருக்கும் ஷாக் அப்சார்பரில், ஸ்பிரிங்கை இறுக்கும் அந்த ரிங்கை மட்டும் நான் தொடவே இல்லை. சபீனாவின் நகப்பூச்சை எடுத்து நீ அதில் வைத்த சிவப்புப் புள்ளி அப்படியே இருந்தது. உன் எடைக்கு நீ பார்த்துப் பார்த்து வைத்த அளவு அது. அதைத் திருப்புவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

நீ அறுபத்து நாலு கிலோ. நான் எவ்வளவு என்பதற்குத்தான் வருகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கரியாலூருக்குக் கிளம்பினேன். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறும் ரோடு உனக்குத் தெரியாததா? ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பி ஆக்ஸிலேட்டர் கொடுத்தேன். பின்பக்கம் அப்படியே அமுங்கியது, முன்சக்கரம் லேசாகிவிட்டது. ஹேண்டிலை நான் ஒரு பக்கம் திருப்ப, வண்டி அது பாட்டுக்கு வெளிப்பக்கம் போனது. எதிரே மரவள்ளி ஏற்றிய வேன். டிரைவர் ஒடித்துத் திருப்பினார், நான் பிழைத்தேன். ஓரமாக நிறுத்தி உட்கார்ந்தவன் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. நீ சிரித்துக்கொண்டே போன வளைவு அது. எனக்கு ஓட்டத் தெரியவில்லை, உன் வண்டிக்கு நான் லாயக்கில்லை என்றுதான் நினைத்தேன்.

மறைக்கத் தெரியாமல் வீட்டில் உளறிவிட்டேன். சபீனா கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அண்ணன பறி குடுத்தாச்சு. உங்களயும் குடுக்க என்னால முடியாதுங்க. ஒரு மாசம் டைம். சரி பண்ண முடியும்னா பண்ணுங்க, இல்லன்னா வித்துடுங்க" என்றாள்.

சேலத்தில் சஸ்பென்ஷன் வேலை மட்டும் பார்க்கும் ஒருவரைப் பிடித்தேன். நான் சொன்னதைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "ஓட்றதுல தப்பில்ல சார். ஒல்லியான ஆளுக்கு வச்ச ஸ்பிரிங் உங்கள எப்படித் தாங்கும்? வண்டி பின்னாடி அமுங்கிட்டா முன்சக்கரத்துக்குப் பிடி இருக்காது" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்துக் கேட்டார் பார் ஒரு கேள்வி: "கியரோட, அதான் ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் மாட்டி, எவ்ளோ கிலோ சார்?"

"தொண்ணூத்தஞ்சு" என்றேன்.

சிரிக்காதே. அரிசி மண்டியில் நாள் முழுக்க மூட்டை மூட்டையாக எடை போடுகிறவன், அந்த மெஷினில் ஒருநாளும் ஏறியதில்லை. கல்யாணத்தின்போது இருந்த எடையில் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன், அவ்வளவுதான்.

ஸ்பிரிங் வந்தது, மாட்டியாயிற்று. நான் உட்கார்ந்தால் வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்க மூன்று பேர் வேண்டுமே. உனக்கு அளந்தபோது நான் பிடித்துக்கொண்டேன், சபீனா டேப் வைத்தாள். இந்த முறை நான் வண்டிமேல். பிடிக்க யார்? உன் அம்மா வந்தார்கள் மச்சான்! பெயரைச் சொன்னாலே எரிந்து விழுந்த வண்டியின் ஹேண்டிலை, முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு மாமி கெட்டியாகப் பிடித்தார்கள். முப்பது முப்பத்தைந்து மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். எனக்கு ஐம்பத்திரண்டு. ரிங்கைக் கடைசி வரை இறுக்கியும் நாற்பத்து மூன்றுக்குக் கீழே இறங்கவில்லை.

சேலத்துக்காரருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன். "அவ்ளோ இறுக்கியும் நாப்பதுக்கு மேல காட்டுதுன்னா ஸ்பிரிங் மேல தப்பில்ல சார். நீங்க சொன்ன எடைதான் தப்பு" என்றார்.

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "இன்னா மாப்ள, எவ்ளோ சொன்னீங்க?"

"தொண்ணூத்தஞ்சு மாமி."

"யா அல்லா! வூட்ல ரெண்டு ஆளு சோறு துன்னுக்கினு தொண்ணூத்தஞ்சா? எம்மவன் இருந்திருந்தா வயிறு வலிக்க சிரிச்சிருப்பான்!"

சொல்லிவிட்டு அவர்களே சிரித்தார்கள். சபீனா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நீ போன பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டதில்லை. எனக்கு மானம் போனது, ஆனால் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை சபீனா என்னை மண்டிக்கே கூட்டிப் போனாள். ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் மாட்டி, லோடுமேன்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க, மெஷினில் ஏறினேன். நூற்றுப் பதினெட்டு.

அங்கே நின்றபோதுதான் உன் ஞாபகம் வந்தது. கீமோ நடந்த மாதங்களில் ஒருநாள், இதே மாதிரி முழு கியரில் வந்து இந்த மெஷினில் ஏறினாய். "பாரு, அறுபது. கியரோட எடைதான்டா எடை" என்றாய். ஜாக்கெட் பாக்கெட்டில் ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. கேட்காதவன் மாதிரி நின்றேன். "மாஷா அல்லாஹ், தேறிக்கினு வர மச்சான்" என்றேன்.

அப்போது நீ ஐம்பது கூட இருந்திருக்க மாட்டாய். உனக்கு அந்த ஸ்பிரிங் கல் மாதிரி இருந்திருக்கும். ஒவ்வொரு குழியும் முதுகில் இடித்திருக்கும். இருந்தும் அந்தச் சிவப்புப் புள்ளியை நீ நகர்த்தவில்லை. நீ கூட்டிச் சொன்னாய், நான் குறைத்துச் சொன்னேன். அன்றைக்கே நான், "பாக்கெட்ட காலி பண்ணுடா, ரெண்டு சுத்து லூஸ் பண்ணித் தரேன்" என்று சொல்லியிருக்க வேண்டுமோ? சொல்லியிருந்தால் இன்னும் நாலு முறை வலியில்லாமல் மலை ஏறியிருப்பாயா? இல்லை, அன்றோடு சாவியைக் கொடுத்திருப்பாயா? எனக்குத் தெரியவில்லை மச்சான்.

இரண்டாவது ஸ்பிரிங் நிஜமான எடைக்கு வந்தது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றினோம். புது ஸ்பிரிங் பலமாக எகிறும் என்பதால், அது மெதுவாகத் திரும்பும்படி ஸ்க்ரூவையும் கொஞ்சம் இறுக்கச் சொன்னார் சேலத்துக்காரர். மாமி பிடிக்க, சபீனா அளந்தாள். முப்பத்து நாலு. உன் சிவப்புப் புள்ளியை அழிக்கவில்லை. ரிங் திரும்பியதில் அது கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது. பக்கத்தில் சபீனா தன் கையால் நீலத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.

நேற்றுக் காலை கரியாலூர் போய் வந்தேன். அதே வளைவில் பயந்து பயந்துதான் ஆக்ஸிலேட்டர் கொடுத்தேன். வண்டி நான் பார்த்த திசையில் போனது. அவ்வளவுதான், வேறு ஒன்றுமே நடக்கவில்லை. மேலே நிறுத்திவிட்டு ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதேன். அப்படி ஒரு நிம்மதி. உடனே சபீனாவுக்கு போன் செய்தேன். "வேன் ஏதாச்சும் வந்துதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப மெதுவா வாங்க, பிரியாணி ஆவுது" என்றாள்.

ஒரு வாக்குத் தருகிறேன். மாதா மாதம் முழு கியரில், பாக்கெட்டைக் காலி செய்துவிட்டு, அந்த மெஷினில் ஏறுவேன். கூடினாலும் குறைந்தாலும் உன் தங்கச்சியிடம் உள்ளதைச் சொல்வேன். என்றைக்காவது உன்னைப் போல நானும் இளைக்க ஆரம்பித்தால், அவள் கையாலேயே ரிங்கைத் தளர்த்தச் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் தங்கச்சியின் புருஷன், உன் மச்சான்
இக்பால்
நூற்றுப் பதினெட்டு கிலோ, கியரோடு