தெருப்பக்கத்து ஜன்னல்

ஜாலான் புசார், சிங்கப்பூர்
மார்கழி, 1958

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முருகன் கிருபையில் நாங்கள் நலம். உங்கள் மூச்சிரைப்பு தணிந்ததா?

வெள்ளிக்கிழமை வீட்டில் நான், உங்கள் மாப்பிள்ளை, பக்கத்து அறை முத்தாயி அக்கா மூவரும் இருந்தோம். மழைக்காலத்தில் இங்கே காற்றே ஈரம். எங்கள் தெரு ஜன்னலைத் திறக்க இவர் விடுவதில்லை. அடைத்த அறையில் துணி காய்வதே இல்லை. அதனால் என் பூஜைச் சேலையை அக்கா தன் ஜன்னலிலிருந்து தெருவுக்கு நீட்டியிருக்கும் மூங்கில் கழியில் போட்டார். அன்று மழை விட்டிருந்தது; வீசிய காற்றில் மதியத்துக்குள் காய்ந்துவிட்டது.

“ஊருக்கே சேலையக் காட்டணுமா?” என்றார் இவர்.

“சேலைதானே தம்பி தெருவப் பாக்குது, அவ பாக்கலையே லா,” என்றார் அக்கா. (இங்கே எல்லார் பேச்சிலும் இந்த ‘லா’ ஒட்டிக்கொள்ளும்.)

அன்று மாலையே எங்கள் ஜன்னலுக்கு இவர் ஆணி அடித்துவிட்டார்; அக்காவின் கழியில் போடவும் கூடாதாம். நேற்று ஈரச் சேலையோடு விளக்கேற்றினேன். தும்மல்தான், கவலை வேண்டாம்.

உங்கள் சொல்லை இவர் தட்டமாட்டார். ஜன்னலைத் திறக்கச் சொல்லி எழுதுங்கள். துணி காய்வதற்காக என்றே எழுதுங்கள். நான் கேட்டதாக வேண்டாம். சீக்கிரம் பதில் போடுங்கள்.

மகள்,
சிவகாமி