இரண்டாவது கோடு

மார்ச் 3, செவ்வாய்

தொண்டையில் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள். பேசினால் வலி, பேசாவிட்டால் அதைவிட வலி. என் வீட்டுக்காரர் மட்டும் குஷியாக இருக்கிறார். "நம்ம வீட்டுக் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்கிறார்.

நாளை என் தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வருகிறாள். நாற்பது வயதில் முதல் பிள்ளை. அவள் குடியிருப்பது எங்கள் வீட்டு மாடியில்தான். கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போவது நான். இதுவரை கண்ணாடிக் கதவு வழியாகத்தான் அவனைப் பார்த்திருக்கிறேன். நாளைக்கு மடியில் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

போனில் தங்கையிடம் தொண்டை வலியைச் சொன்னேன். கணக்கு டீச்சர் அல்லவா, பதில் ஒரே வரி: "அக்கா, சரியாகிற வரைக்கும் நீ படி ஏறக் கூடாது."

மார்ச் 4, புதன்

வந்துவிட்டார்கள். ஜன்னலில் நின்று பார்த்தேன். துணிச் சுருளுக்குள் ஒரு மூக்கு தெரிந்தது. எங்கள் பக்கத்து மூக்கு, சந்தேகமே இல்லை. பின்னாலேயே தங்கையின் நாத்தனார், பெட்டியோடு! ரெண்டு நாளுக்கு வருகிறவள் தூக்கிவருகிற பெட்டியா அது? தொண்டையோடு சேர்ந்து வயிறும் எரிந்தது.

சாயங்காலம் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் கழுத்தைத் தடவினார். "காய்ச்சல் இருக்கு, நெறி கட்டியிருக்கு. ஆனா இருமல், சளி இல்லை. தொண்டையில குச்சி விட்டு டெஸ்ட் பண்ணிடலாம்."

பஞ்சுக் குச்சியால் தொண்டையைத் துடைத்து, மருந்துத் துளியில் கலக்கி, அட்டையில் விடுவார்களாம். சில நிமிடத்தில் கோடு விழும். ஒரு கோடு என்றால் வைரஸாக இருக்கும். தானாகப் போகிற வரை குழந்தையை நெருங்க முடியாது. இரண்டு கோடு என்றால் ஸ்ட்ரெப் என்கிற பாக்டீரியா. அதற்கு மாத்திரை உண்டு. ஒரு நாள் முழுக்க மருந்து உள்ளே போய், காய்ச்சலும் விட்டால், மாஸ்க் போட்டுக்கொண்டு குழந்தையைத் தூக்கலாம்.

கடவுளே, எனக்கு வியாதி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவருக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

குச்சி எடுக்கிற நர்ஸ் என் சிநேகிதி. எங்கள் தெருத் தையல்காரர் வீட்டுச் சண்டையைப் போன தடவை அவளிடம் பாதியில் விட்டிருந்தேன். மீதியைக் கேட்காமல் அவள் விடுவாளா? சொல்லாமல் நான்தான் விடுவேனா? வலியையெல்லாம் பார்த்தால் ஊர்க்கதை பேச முடியுமா? "வாயைத் திறங்க" என்றாள். திறந்தேன். குச்சி உள்ளே போக, தையல்காரரின் மருமகள் கதை வெளியே வர, "அய்யய்யோ, அப்புறம்?" என்று அவள் கேட்க—

ஒரே ஒரு கோடு.

மார்ச் 5, வியாழன்

மாடியில் நாத்தனார் தாலாட்டுப் பாடுகிறாள். குழந்தை கதறுகிறது. பின்னே, பாவம், அதுக்குக் காது இருக்கே! நான் இங்க கிடக்கறேன், அவ அங்க மகாராணி மாதிரி... எனக்குன்னு ஏன் இப்படி?

காலையிலேயே நர்ஸின் போன். "அக்கா, எனக்கு மனசே சரியில்ல. நேத்து குச்சி உங்க நாக்குலதான் பட்டுது. தொண்டைக்குப் போகவே இல்ல. கதை சுவாரசியத்துல நானும் விட்டுட்டேன். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், திட்டும் வாங்கிட்டேன். வாங்க, மறுபடி எடுக்கலாம். ஆனா ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"நீ வாயைத் திறந்துக்கிட்டுப் பேசாம இருக்கிறதை நான் பார்த்தே ஆகணும்" என்று வீட்டுக்காரரும் கிளம்பிவிட்டார்.

இந்த முறை நாக்கைப் பட்டையால் அமுக்கி, உள்ளே இரண்டு பக்கச் சதையிலும் பின்சுவரிலும் நன்றாகத் துடைத்தாள். குமட்டியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவள் கையைத் தட்டிவிடாமலிருக்க என் கையை நானே பிடித்துக்கொண்டேன்.

முதல் கோடு உடனே வந்தது. இன்னொன்று?

"லேசா ஏதோ தெரியுதே?" என்றேன்.

"அது உன் ஆசை" என்றார் வீட்டுக்காரர்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. ஆசை இல்லை. கோடு!

"இருக்கு!" என்று வலியை மறந்து கத்தினேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். "ஒண்ணுமில்லீங்க, பாஸாகிட்டா" என்று அவர்களுக்கு வீட்டுக்காரரின் விளக்கம் வேறு. டாக்டர் மட்டும் சிரிக்காமல், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டுக்கொண்டு மாத்திரை எழுதினார்.

மார்ச் 6, வெள்ளி

மாத்திரை வேலை செய்கிறது. காய்ச்சல் இல்லை. தங்கை போனில் சத்தியம் வாங்கினாள்: வலி போய்விட்டது என்று மருந்தை நடுவில் நிறுத்தக் கூடாது, கடைசி மாத்திரை வரை முழுங்க வேண்டும். "நாளைக்கு வா. கையை ரெண்டு தடவை கழுவு."

மார்ச் 7, சனி

கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். நோட்டு நாற்காலிக் கையில், பேனா இடது கையில். வலது கையில் வேலை இருக்கிறது.

மாஸ்க்குக்குள் மூக்கு அரிக்கிறது. போகட்டும்.

"அக்கா, கை வலிக்கும், நான் வாங்கிக்கட்டுமா?" என்று நாத்தனார் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

"உஷ்! இப்பத்தாம்மா கண்ணசந்தான். எழுப்பிடாதே" என்றேன்.

கண்ணை நன்றாகத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். காட்டிக்கொடுக்கவில்லை.